பாட்டுக்கு நடுவே அவர்கள் பேசட்டும்

ஒரு பாட்டிலிருந்து தொடங்குகிறேன். 'கீப் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் மை பேபி.' ஜெர்ரி கோஃபினும் கரோல் கிங்கும் எழுதி, லிட்டில் ஈவா பாடிப் பிரபலமாக்கியது. பீட்டில்ஸ் குழு இதை இசைத்தட்டுக்காக ஒருபோதும் பதிவு செய்யவில்லை. பிபிசி வானொலியின் 'சாட்டர்டே கிளப்' நிகழ்ச்சிக்காக ஒரே ஒரு தடவை வாசித்தார்கள். 1963 ஜனவரி 26, சனிக்கிழமை காலை அது ஒலிபரப்பானது. அதோடு சரி.

1994-ல் வந்த 'லைவ் அட் த பிபிசி' தொகுப்பில் இந்தப் பாட்டு இருக்கிறது. மற்றப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே வந்து இதற்கு வரும்போது காது திடுக்கிடும். யாரோ கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறையில் ரேடியோவைப் போட்டதுபோல் இருக்கும். சிம்பல் ஒலியும் பின்னணி இரைச்சலும் ஒன்றோடொன்று கலந்து மணல் சலிப்பதுபோல் கேட்கும். பாஸ் கிட்டார் இருக்கிறது என்று ஊகிக்கத்தான் முடியும். ஜான் லெனானின் குரல் மட்டும் அதையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வரும். நான் முதல் தடவை கேட்டபோது ஹெட்ஃபோன் வயரை ஆட்டிப் பார்த்தேன்.

ஹெட்ஃபோனில் குறையில்லை. அந்த நிகழ்ச்சியின் டேப் பிபிசியிடம் மிஞ்சவில்லை. அன்று வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த யாரோ ஒருவர் தன் டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்ததுதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த ஒரு பாட்டை வைத்தே என் நண்பர்களுக்குள் பல வருஷமாக வாக்குவாதம் நடக்கிறது. ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் ஒருவர், இந்த லட்சணத்தில் இருப்பதை ஆல்பத்தில் சேர்த்திருக்கவே கூடாது என்பார். இன்னொருவர், இதைப்போல் இன்னும் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் கொண்டுவா என்பார். மூன்றாமவர் இளைஞர். இப்போதுதான் கணினியால் குரலையும் கிட்டாரையும் தனித்தனியாகப் பிரிக்க முடிகிறதே, பிரித்துச் சுத்தம் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்வார். அறுபதுகளின் குழு ஏதாவது ஒன்றின் பழைய வானொலிப் பதிவுகள் புதிய ஆல்பமாக வெளிவரும் ஒவ்வொரு தடவையும் இந்தச் சண்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். எனக்கு இதில் ஒரு பக்கம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இப்படி வானொலிக்கென்று தனியாகப் பாட்டுகளை ஏன் பதிவு செய்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இசைத்தட்டுதான் கடையில் கிடைக்கிறதே, அதையே வானொலியில் போட்டுவிட்டுப் போகலாமே என்று இன்றைக்கு நமக்குத் தோன்றும். பிரிட்டனில் அன்று அது முடியாது. 'நீடில் டைம்' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. இசைத்தட்டின் மேல் ஊசி ஓடும் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இசைத்தட்டு நிறுவனங்களும் இசைக் கலைஞர்களின் சங்கமும் பிபிசியோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஒரு நாளைக்கு சுமார் 5 மணி நேரம்தான் இசைத்தட்டுகளை ஒலிபரப்பலாம். எல்லாரும் வானொலியிலேயே இசைத்தட்டைக் கேட்டுவிட்டால் கடையில் தட்டு விற்காது, வாத்தியக்காரர்களுக்கு வேலையும் இருக்காது என்பது அவர்கள் பயம். மீதி நேரத்தை நேரில் வாசிக்கிறவர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். அதனால்தான் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்த இளைஞர்களை லண்டனின் பாரிஸ் தியேட்டருக்கும் மைடா வேல் கூடத்துக்கும் பிளேஹவுஸ் தியேட்டருக்கும் கூப்பிட்டு, சில மணி நேரத்தில் ஐந்தாறு பாட்டுகளைப் பதிவு செய்து அனுப்பினார்கள்.

கூப்பிட்டவுடன் போய் வாசித்துவிடவும் முடியாது. பிபிசியின் தேர்வில் தேற வேண்டும். 1962 பிப்ரவரியில் மான்செஸ்டரில் பீட்டில்ஸைத் தேர்வு செய்த தயாரிப்பாளர் பீட்டர் பில்பீம் தன் குறிப்பில் ஜான் லெனானின் பாட்டுக்கு 'சரி' என்றும் பால் மெக்கார்ட்னியின் பாட்டுக்கு 'வேண்டாம்' என்றும் எழுதினார். ஆனாலும் குழுவைத் தேர்ந்தெடுத்தார். மார்ச் 7-ம் தேதி பதிவு, மறுநாள் ஒலிபரப்பு. ரிங்கோ அப்போது வரவில்லை, டிரம்ஸில் பீட் பெஸ்ட். ரோலிங் ஸ்டோன்ஸுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 1963-ல் முதல் தேர்வில் அவர்களை பிபிசி நிராகரித்தது. அதே ஆண்டு அக்டோபர் 26-ம் தேதி 'சாட்டர்டே கிளப்'பில் அவர்கள் பாட்டு வந்துவிட்டது. இடையில் சில மாதங்கள்தான்.

1962 மார்ச் முதல் 1965 ஜூன் வரை பீட்டில்ஸ் வாசித்த பிபிசி வானொலி நிகழ்ச்சிகள் 52. மொத்தம் 275 தடவை வாசித்திருக்கிறார்கள். பாட்டுகள் 88. அவற்றில் 36 பாட்டுகளைக் குழுவாக இருந்தவரை அவர்கள் இசைத்தட்டாக வெளியிடவே இல்லை. லிவர்பூலிலும் ஹாம்பர்க்கிலும் இரவெல்லாம் வாசித்துப் பழகிய சக் பெரி, கார்ல் பெர்கின்ஸ், ஆர்தர் அலெக்சாண்டர் பாட்டுகளையெல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். இசைத்தட்டுக்கென்று கூடத்துக்குள் நுழைந்தால் சொந்தப் பாட்டு வேண்டும், வியாபாரம் ஆக வேண்டும். வானொலியில் அந்தக் கட்டாயம் இல்லை. அவர்களுக்குப் பிடித்ததை வாசித்தார்கள். இந்தக் குழு என்ன கேட்டு வளர்ந்தது என்பதை அவர்களுடைய கைகளிலேயே கேட்க வேண்டுமானால் இந்தப் பதிவுகளுக்கு இணையாக வேறொன்றும் இல்லை என்பது என் எண்ணம்.

'சோல்ஜர் ஆஃப் லவ்' ஒன்று போதும். ஆர்தர் அலெக்சாண்டரின் பாட்டு. 1963 ஜூலை 2-ம் தேதி மைடா வேலில் பதிவானது. அது கொஞ்சம் மங்கலாகத்தான் கேட்கும். ஆனால் ஜான் அந்தப் பாட்டைப் பாடும்போது கெஞ்சுகிறாரா மிரட்டுகிறாரா என்று சொல்ல முடியாது. பாலும் ஜார்ஜும் பின்னால் கொடுக்கும் பதில் குரல்கள் சரியாக அவர் மூச்சு வாங்கும் இடத்தில் வந்து விழும். அந்த ஆண்டு வெளியான அவர்களுடைய இரண்டு ஆல்பங்களில் எதிலும் இது இல்லை. இருந்திருந்தால் அவற்றின் சிறந்த பாட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அப்படிப்பட்டதைத்தான் அழித்தார்கள். பிபிசியைக் குறை சொல்வது சுலபம். டேப் அன்று விலை அதிகம். ஒரு நிகழ்ச்சியை இத்தனை தடவைக்கு மேல் மறு ஒலிபரப்பு செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு இருந்தது. மறுபடி போட முடியாத பாப் பாட்டு நிகழ்ச்சியை எதற்கு அலமாரியில் அடுக்கி வைப்பது? அழித்துவிட்டு அதே டேப்பில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். செவ்வாய்க்கிழமை மாலை வரும் பாப் பாட்டு முப்பது வருஷம் கழித்து யாருக்காவது வேண்டியிருக்கும் என்று அந்த அலுவலகத்தில் யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

மிஞ்சியவை மூன்று வழியில் மிஞ்சின. தப்பித்தவறி நின்ற சில டேப்புகள். வெளிநாட்டு வானொலி நிலையங்களுக்கு அனுப்புவதற்காக பிபிசியின் டிரான்ஸ்கிரிப்ஷன் சர்வீஸ் அச்சிட்ட இசைத்தட்டுகள். அப்புறம், வீட்டில் இருந்தவர்கள் செய்த பதிவுகள். கெவின் ஹவ்லெட் 1982-ல் பிபிசிக்காக 'த பீட்டில்ஸ் அட் த பீப்' என்ற நிகழ்ச்சியைத் தயாரிக்கப் போனபோது, பிபிசியின் சொந்தச் சேமிப்பில் இருந்தது சொற்பம். அவர் தேடித் தேடிச் சேர்த்ததுதான் பின்னால் வந்த ஆல்பங்களுக்கெல்லாம் அடித்தளம். இந்த மனிதருக்கு ரசிகர்கள் பட்ட கடன் பெரியது. அவருக்கு டேப் கொடுத்த, பெயர் தெரியாத அந்த வீட்டுக்காரர்களுக்கும்தான்.

இந்த வீட்டுப் பதிவுகள் பூட்லெக், அதாவது அனுமதி இல்லாமல் அச்சிட்ட திருட்டுத் தட்டுகளாகவும் சுற்றின. 1971-ல் 'யெல்லோ மேட்டர் கஸ்டர்ட்' என்று ஒன்று வந்தது. அதை ஜான் லெனானே வாங்கி, 1962-ல் டெக்கா நிறுவனம் தங்களை நிராகரித்த தேர்வின் ஒலிப்பதிவு இது என்று நம்பி, கிறிஸ்துமஸ் பரிசாகப் பாலுக்கு அனுப்பினார். உண்மையில் அதில் இருந்தவை 1963-ன் பிபிசி பதிவுகள். வாசித்தவருக்கே எங்கே வாசித்தோம் என்று நினைவில்லை. இருவருக்கும் மனஸ்தாபம் உச்சத்தில் இருந்த நேரம் அது. அப்போதும் தங்கள் பழைய வாசிப்பைக் கேட்டதும் பாலுக்கு அனுப்பத் தோன்றியிருக்கிறது. இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

1993-ல் இத்தாலியில் கிரேட் டேன் என்ற பூட்லெக் நிறுவனம் 9 குறுந்தட்டுகளில் பிபிசி பதிவுகளை வெளியிட்டது. அடுத்த ஆண்டு 'லைவ் அட் த பிபிசி' அதிகாரபூர்வமாக வந்தது. இரண்டு தட்டுகள், 56 பாட்டுகள், 13 பேச்சுத் துண்டுகள். தயாரிப்பு ஜார்ஜ் மார்ட்டின். பிரிட்டனில் முதலிடம். அன்றே விவாதம் தொடங்கிவிட்டது. ஒன்பது தட்டுகளைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு தட்டு பத்தவில்லை. 'லைவ்' என்ற சொல்லே தவறு, பெரும்பாலானவை முன்கூட்டியே பதிவானவை என்று சிலர் கோபப்பட்டார்கள். அது நியாயமான கோபம். 2013 நவம்பரில் 'ஆன் ஏர்' என்ற பெயரில் இரண்டாம் தொகுதி வந்தது. மொத்தம் 63 தடங்கள். அவற்றில் அதுவரை வெளிவராத பாட்டுப் பதிவுகள் 37, அதுவரை வெளிவராத பேச்சுத் துண்டுகள் 23. இத்துடன் 1965, 66-ல் நால்வரிடமும் தனித்தனியாக எடுத்த நீண்ட பேட்டிகளையும் சேர்த்தார்கள். விவாதம் இன்னும் சூடானது.

அதே ஆண்டு டிசம்பரில் நடந்ததுதான் ரசிகர்களை நிஜமாகவே கொதிக்க வைத்தது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கான பதிப்புரிமையை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டித்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. 50 ஆண்டுக்குள் வெளியிடாத பதிவுகளுக்கு அந்த நீட்டிப்பு இல்லை. 1963-ல் பதிவானவை 2013 முடிவதற்குள் வெளியாக வேண்டும், இல்லாவிட்டால் உரிமை போய்விடும். ஆகவே டிசம்பர் 17-ம் தேதி, அறிமுகமோ குறிப்போ இல்லாமல், 59 தடங்கள் 'பூட்லெக் ரெக்கார்டிங்ஸ் 1963' என்ற பெயரில் ஐட்யூன்ஸில் மட்டும் விற்பனைக்கு வந்தன. பெரும்பகுதி பிபிசி பதிவுகள். தட்டு இல்லை, புத்தகம் இல்லை. எங்கே, யார் பதிவு செய்தது என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

எங்கள் நண்பர்களில் 'எல்லாம் வேண்டும்' கட்சிக்காரர், எப்படியோ வந்ததே என்று சந்தோஷப்பட்டார். எனக்கு அன்று வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. பாட்டு வந்தது பற்றி வருத்தமில்லை. கேட்பவர்களை மனதில் வைத்து அது வரவில்லை, சட்டத்தின் தேதியை மனதில் வைத்து வந்தது. ஒரு பதிவு எங்கிருந்து வந்தது, எந்த நிகழ்ச்சியில் எந்த இடத்தில் வந்தது என்று சொல்லாமல் கையில் திணித்தால், அது ஒலிக்கோப்பு ஆகுமே தவிர வானொலி நிகழ்ச்சி ஆகாது.

சரி, சுத்தம் செய்யும் விஷயத்துக்கு வருகிறேன். இதில் என்னைவிட இளையவர்களோடு எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு உண்டு.

2017 டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸின் பிபிசி பதிவுகள் 'ஆன் ஏர்' என்ற அதே பெயரில் வந்தன. பீட்டில்ஸ் வைத்த பெயரையே அவர்களும் வைத்ததில் இன்றுவரை தேடும்போது குழப்பம்தான். 1963 முதல் 1965 வரையிலான பதிவுகள். பெரிய பதிப்பில் 32 பாட்டுகள். அபி ரோட் கூடத்தில் ஒரே தடத்தில் கலந்து கிடந்த ஒலியிலிருந்து குரலையும் கருவிகளையும் பிரித்தெடுத்து, மறுபடி சமன் செய்து சேர்த்தார்கள். அப்போது அது புதுமை. பின்னர் 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காக பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய முறை 2022-ல் 'ரிவால்வர்' ஆல்பத்தின் புதிய கலவைக்கும், 2023-ல் 'நவ் அண்ட் தென்' பாட்டில் லெனானின் குரலைப் பிரித்தெடுக்கவும் பயன்பட்டது. அதைக் கேட்டபின் நம் இளைஞரின் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. "அண்ணே, ஒரு பழைய கேசட்லேர்ந்து அந்தக் குரலையே எடுத்துட்டாங்க. 'சோல்ஜர் ஆஃப் லவ்'வை எடுக்க என்ன தடை?"

தடை ஒன்றும் இல்லை. செய்யலாம். செய்தால் நானும் வாங்குவேன். ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். வானொலிக் கூடத்தில் நாலு பேரும் ஒரே அறையில் நின்று வாசித்தார்கள். பாடுகிறவரின் மைக்கிலேயே டிரம்ஸும் விழும். பொறியாளர் அந்தக் கசிவையும் கணக்கில் வைத்துத்தான் அங்கேயே, அந்த நிமிடத்திலேயே ஒலியின் அளவைக் கூட்டிக் குறைத்தார். மறுபடி சரிசெய்ய அவருக்கு வாய்ப்பு குறைவு. அது ஒரு ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவில், சமையலறை மேசையிலோ மாடி அறையிலோ கேட்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும். குரல் முன்னால், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் நெருக்கமாக. அதைப் பிரித்து, கிட்டாரை இடது காதுக்கும் டிரம்ஸை வலது காதுக்கும் அனுப்பினால், அன்று எந்த வீட்டிலும் யாரும் கேட்காத ஒன்றைத்தான் நாம் கேட்கிறோம். பிரிக்கும்போது சில இடங்களில் சிம்பலின் வால் நீருக்குள் மூழ்கி எழுவதுபோல் நெளியும். ஒரு தடவை காதில் பட்டுவிட்டால் அப்புறம் பாட்டு கேட்காது, அந்த நெளிவுதான் கேட்கும். மங்கலாக இருந்தாலும் பழைய மோனோ பதிவில் அவர்கள் நாலு பேரும் ஒரு அறையில் இருக்கிறார்கள். எனக்கு அது முக்கியம். புதிய கலவை வரட்டும், பக்கத்திலேயே மூலப் பதிவையும் வைத்துவிடுங்கள். இதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்டோன்ஸ் ஆல்பத்தில் எனக்கு உறுத்தியது அந்தச் சுத்தம்கூட இல்லை. வரிசை. முதல் பாட்டு 1963-ன் 'கம் ஆன்'. இரண்டாவது 1965-ன் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்'. மூன்றாவது மறுபடி 1963-க்குப் போய் 'ரோல் ஓவர் பீத்தோவன்'. இந்த இரண்டு ஆண்டுகளில்தான் அந்தக் குழு வேறொன்றாக மாறியது. சக் பெரியைப் பார்த்து எழுதிய மாணவர்கள், சொந்தக் கையெழுத்து வந்தவர்களாக ஆனார்கள். வரிசையாக வைத்தால் அதைப் பாட்டுக்குப் பாட்டு கேட்கலாம். கலைத்துப் போட்டதால் வெறும் பாட்டுத் தொகுப்பாகிவிட்டது. நான் வீட்டில் தேதி பார்த்து அடுக்கிக்கொண்டுதான் கேட்கிறேன். 'ஃபேனி மே', 'காப்ஸ் அண்ட் ராபர்ஸ்' போன்றவற்றை அந்த வரிசையில் கேட்டுப்பாருங்கள். ஆல்பமே மாறிவிடும்.

இனி பேச்சு. நண்பர்களுக்குள் உண்மையான பிரிவு இங்கேதான்.

பீட்டில்ஸின் இரண்டு தொகுப்புகளிலும் பாட்டுக்கு நடுவே பேச்சுத் துண்டுகள் வரும். 'சாட்டர்டே கிளப்' அறிவிப்பாளர் பிரையன் மாத்யூ கேள்வி கேட்பார், அவர்கள் கலாட்டா செய்வார்கள். நேயர் அனுப்பிய அட்டையை ஜான் படிக்க ஆரம்பித்து நடுவில் குரலை மாற்றிக் குறும்பு செய்வார். 'பாப் கோ த பீட்டில்ஸ்' என்று 1963-ல் அவர்களுக்கென்றே 15 வாரம் ஓடிய நிகழ்ச்சியில் இது நிறைய. எங்கள் இளைஞருக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "அண்ணே, முதல் தடவை சிரிக்கலாம். பத்தாவது தடவையும் அதே ஜோக்கைக் கேக்கணுமா? அந்த இடத்துல இன்னும் பத்துப் பாட்டு போட்டிருக்கலாமே" என்பார். அவர் தன் ஃபோனில் பேச்சையெல்லாம் நீக்கிவிட்டு வைத்திருக்கிறார். அவரைப்போல் நினைக்கிறவர்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும்.

ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். எண்பதுகளில் திருச்சியில் எங்கள் வீட்டில் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. இலங்கை வானொலியில் பாட்டு வரும்போது கேசட்டில் பிடிப்பேன். ரெக்கார்டு, பிளே இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டு, பாஸ் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். பாட்டின் முதல் வயலின் வந்ததும் விரலை எடுக்க வேண்டும். கடைசி ஸ்வரம் அடங்குவதற்குள் மறுபடி அழுத்த வேண்டும். எம்டி கேசட் வாங்க அப்பாவிடம் காசு கேட்பது அவ்வளவு சுலபமில்லை. அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு நொடிகூட வீணாகக் கூடாது. அறிவிப்பாளர் பேசினால் அது வீண். பி.எச்.அப்துல் ஹமீதின் குரலை இப்படித்தான் நறுக்கி நறுக்கித் தள்ளினேன். கே.எஸ்.ராஜாவின் குரலையும்.

அந்தக் கேசட்டுகளில் இருந்த பாட்டுகள் அத்தனையும் இன்று என் ஃபோனில் இருக்கின்றன, நான் பிடித்ததைவிடப் பல மடங்கு தெளிவாக. நான் நறுக்கித் தள்ளியதுதான் எங்கேயும் இல்லை. எந்தப் பாட்டுக்கு முன்னால் என்ன சொன்னார், எந்த ஊர் நேயரின் பெயரைப் படித்தார், எதுவும் இல்லை. ஒரே ஒரு கேசட்டில் மட்டும், பாட்டி கூப்பிட்டாள் என்று எழுந்து போய்விட்டதால், பாட்டு முடிந்தும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஹமீது ஒரு நாற்பது நொடி பேசுகிறார். கேட்டவர்களின் பெயர்களைப் படிக்கிறார். நடுவில் எங்கள் வீட்டுக் கதவு கிரீச்சிடுகிறது, பாட்டி யாரிடமோ தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கிறாள். அந்தக் கேசட்டை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

1963-ல் லண்டனிலோ லீட்ஸிலோ ஒரு பையனோ பெண்ணோ இதையேதான் செய்திருப்பார்கள். டேப் மிச்சம் பிடிக்கப் பேச்சை வெட்டியிருப்பார்கள். அதனால்தான் வீட்டுப் பதிவுகள் பலவற்றில் பாட்டு மட்டும் இருக்கிறது, முன்னும் பின்னும் இல்லை. கிடைத்திருக்கும் பேச்சு, கிடைத்திருக்கும் பாட்டைவிட அரிது. கடையில் விற்ற பீட்டில்ஸ் தட்டுகளில் 'ஷி லவ்ஸ் யூ' இருக்கிறது. அதைப் பாடுவதற்கு முன்னால் ஜார்ஜ் ஹாரிசன் என்ன முணுமுணுத்தார் என்பது வானொலிப் பதிவில் மட்டும்தான் இருக்க முடியும்.

2023-ல் ஒரு செய்தி வந்தது, படித்திருப்பீர்கள். பக்கிங்ஹாம்ஷயரில் ஸ்டோ என்ற பள்ளியில் 1963 ஏப்ரல் 4-ம் தேதி பீட்டில்ஸ் கச்சேரி செய்தார்கள். அங்கே படித்த 15 வயது மாணவர் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு அதைத் தன் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து, 60 ஆண்டு வைத்திருந்தார். பிரிட்டனில் அவர்கள் செய்த ஒரு கச்சேரியின் முழுமையான பதிவுகளில் அதுதான் ஆகப் பழையது என்றார்கள். அதில் பாட்டுக்கு நடுவே அவர்கள் மாணவர்களோடு பேசுவதும் இருக்கிறது. பையன் நிறுத்தவில்லை. அதே ஏப்ரல் 4-ம் தேதி, பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன், லண்டன் பாரிஸ் தியேட்டரில் பிபிசியின் 'சைட் பை சைட்' நிகழ்ச்சிக்காகப் பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று 'ஐ'ல் பி ஆன் மை வே'. லெனானும் மெக்கார்ட்னியும் எழுதி, பில்லி ஜே.கிரேமருக்குக் கொடுத்துவிட்ட பாட்டு. பீட்டில்ஸ் பாடி நமக்குக் கிடைப்பது அந்த ஒரு வானொலிப் பதிவு மட்டுமே. ஒரே நாளில் இரண்டு டேப் ரெக்கார்டர்கள். இரண்டையும் அடுத்தடுத்து யாராவது ஒரு ஆல்பத்தில் வைத்தால் அந்த வியாழக்கிழமை முழுதாக நம் கைக்கு வந்துவிடும்.

அதனால் அடுத்த தொகுப்பு வரும்போது எனக்கு இன்னொரு 'சிறந்த பாட்டுகள்' வேண்டாம். ஒரு நிகழ்ச்சியை, முடிந்தவரை முழுதாக, கிடைத்த துண்டுகளைக் கிடைத்த வரிசையில் கொடுங்கள். ஒரு துண்டு தெளிவாகவும் அடுத்தது மங்கலாகவும் இருந்தால் இருக்கட்டும். எது டிரான்ஸ்கிரிப்ஷன் தட்டிலிருந்து, எது வீட்டு டேப்பிலிருந்து என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். தொலைந்துபோன இடத்தில் இது தொலைந்துவிட்டது என்று எழுதுங்கள்.

எனக்குக் கேட்க வேண்டிய நிகழ்ச்சி எது என்றுகூட முடிவு செய்து வைத்திருக்கிறேன். 1963 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை மாலை 5 மணி. நாலு வாரம் ஓடி, வரவேற்பைப் பார்த்து மறுபடி தொடங்கிய 'பாப் கோ த பீட்டில்ஸ்'. அன்றைய தினமே ஆகஸ்டில் வரவிருந்த மூன்று நிகழ்ச்சிகளையும் பாரிஸ் தியேட்டரில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். குழந்தைப் பாட்டு மெட்டில் அமைந்த அந்த முகப்பிசை. அறிவிப்பாளர் ரோட்னி பர்க் பெயர்களைச் சொல்வார். ஜான் ஒரு அட்டையை எடுத்து யாரோ ஒரு பெண்ணின் ஊரைத் தப்பாகப் படிப்பார், பின்னால் மூன்று பேர் சிரிப்பார்கள். அப்புறம் 'சோல்ஜர் ஆஃப் லவ்'. அது முடிந்ததும் விருந்தாளிக் குழு ஒன்று வந்து வாசிக்கும். அதையும் வெட்டாமல் விட வேண்டும்.